மருந்து குடிச்சாங்களா?

முதலில் கண்தான் மங்கியது. அவரைப் பந்தலுக்குக் கீழே நின்றிருந்தேன். காய்கள் தெரிந்தன; அவற்றில் அப்பியிருந்த அசுவினி (சாற்றை உறிஞ்சும் சின்னக் கரும்பூச்சி) தெரியவில்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன் பாருங்கள், அந்த அறிவை என்ன சொல்வது!

பீளமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம். ஆடிக் காற்றில் பந்தல் சாயும், ஐப்பசி மழையில் கத்தரி வேர் அழுகும், மார்கழிப் பனியில் அவரைக்கு அசுவினி வரும். பருவத்துக்கு ஒரு வம்பு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி அது. அவிநாசியில் பருத்திக்கு அடித்து மீந்த மருந்தை அண்ணன் கொண்டுவந்து வைத்திருந்தார். கைப்பம்பில் கலந்து அடித்தேன். பம்பு ஒழுகி ரவிக்கைக் கையும் முந்தானையும் நனைந்தன. முடித்துவிட்டுக் குளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வேர்த்துக் கொட்டியது. மில்லிலிருந்து வந்த என் கணவர், பின்வாசல் படியில் சரிந்து கிடந்த என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கே ஓர் இளம் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார். கண்மணி (விழியின் நடுவிலுள்ள கருந்துளை) கடுகளவு சுருங்கியிருந்ததாம்.

"மருந்து குடிச்சாங்களா?"

"ஆமாங்க டாக்டர். காலைலகூடக் குடிச்சாளுங்க."

இருமலுக்கு நான் குடித்த சிரப்பைச் சொன்னார் இவர். எங்கள் பக்கம் மருந்து குடித்தாள் என்றால் சாகத் துணிந்தாள் என்று பொருள். இவருக்கும் தெரியும், பதற்றத்தில் உறைக்கவில்லை. எனக்குக் காதில் விழுந்தது. இல்லை என்று சொல்ல நாக்கு புரளவில்லை. வயிற்றைக் கழுவ மூக்கு வழியே குழாய் இறங்கியது.

கண்விழித்தபோது, அட்ரோபின் (நஞ்சை முறிக்கும் ஊசி) ஏறியதில் வாய் வறண்டு கிடந்தது. காங்கேயத்திலிருந்து வந்த அம்மா என் கையைப் பிடித்திருந்தார்.

"நெசமாச் சொல்லு கண்ணு, மாப்பிள்ளை ஏதாச்சும் சொன்னாரா?"

தூக்கிவாரிப் போட்டது. இவர் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அண்ணன் அவரை உள்ளே விடவில்லை.

"செடிக்குத்தாம்மா அடிச்சேன். குடிக்கலை."

அம்மா தலையாட்டினார். நம்பவில்லை.

நம்ப வைத்தவர் பெரிய டாக்டரம்மா. வயிற்றைக் கழுவிய நீரில் மருந்து வாடையே இல்லை, கழற்றிப்போட்ட சேலையில்தான் குப்பென்று அடிக்கிறது என்றார். "வாய் குடிக்கலீங்க, தோல் குடிச்சிருக்கு." அதற்குப் பிறகே அண்ணன் கதவைத் திறந்து, "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றார். இவர் என் கட்டிலருகே வந்து அழுதார்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. பூச்சிமருந்து மேலே பட்டால் உடனே துணியை மாற்றுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மயக்கமாக வந்தால் ஆஸ்பத்திரிக்குப் புட்டியோடு போங்கள். அங்கே 'மருந்து' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உடம்பு தேறுவதற்குள் பங்குனி வந்துவிட்டது. தோல் என்னை மூடிக் காப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது வெறும் தண்ணீரில் முந்தானை நனைந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சித்தான் விரட்டுகிறேன். போகாதது இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மார்கழியில் மறுபடி இருமல். இவர் சிரப்பும் கரண்டியுமாக வந்து நின்றார்.

"அம்மணி, அந்த..."

புட்டியைத் தூக்கிக் காட்டினார். நான் வாயைத் திறந்தேன். ஊற்றினார். பிறகு புட்டியை இறுக மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.