பெரட்டுக்கு வராத பெயர்

தவளை முட்டைகளை வைக்கும் கண்ணாடித் தட்டின் மூடி ஒன்று என் மேசையில் கிடக்கிறது. அதன்மேல் கறுப்பு மார்க்கரில் ‘பெரட்டு’ என்று எழுதியிருக்கிறது. மலேசியாவின் ஜொகூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்திய அக்காவின் கையெழுத்து. சாஆ என்ற ஊரின் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில், விடியலில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டைப் பார்த்து வளர்ந்தவர். இரண்டு தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது என்பார்.

நாங்கள் ஆராய்ந்தது, தவளைக் கரு உருவாகும் தொடக்கத்தில் சிறிது நேரம் மட்டும் விழித்திருந்துவிட்டு உறங்கிப்போகும் ஒரு மரபணுவை. அதை எழுப்பும் பகுதி அதன் முன்னாலேயே இருக்கும். பாடப்புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர். அக்கா வைத்த பெயர் பெரட்டு. அந்தப் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்து, பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவோடு ஒட்டி, முட்டைக்குள் செலுத்துவோம். கரு ஒளிர்ந்தால், எழுப்பும் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். “மொதல்ல அம்மா கட்டிக் குடுத்த சோத்துப் பொட்டலம், அந்தப் புங்குஸ்லதான் முட்ட ஓடும் லா. அது தீர்ந்தா பெரட்டுல பேர் கூப்பிடணும். அப்பதான் புள்ள சொந்தமா வேலைக்கு எறங்கும்.” அக்கா இப்படிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டே, மலாய் மாணவன் ஒருவன் கருத்தரங்கில் பாடப்புத்தகப் பெயருக்குப் பதில் ‘பெரட்டு’ என்று சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தான்.

அக்காவுக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒரு பிள்ளை தங்கியது. கயல் என்று பெயரும் முடிவாகிவிட்டது. “பேர ரெடியா வச்சாச்சு. வர்றதுதான் பாக்கி,” என்று சிரித்தார். பிள்ளை வரவில்லை. கருச்சிதைவுக்குத் துக்கவீடு கிடையாது. என்ன சொல்லி விசாரிப்பது என்று எங்களுக்கும் தெரியவில்லை. தட்டிலிருக்கும் கரு வளராமல் நின்றால் காரணத்தை வெட்டி ஒட்டித் தேடுவோம். அக்காவுக்கு டாக்டர் சொன்னது, “சில சமயம் இப்படி ஆகும்மா,” அவ்வளவுதான். எனக்கு அது இன்றுவரை ஆத்திரமாக இருக்கிறது.

வேலைக்குத் திரும்பிய காலை, அக்கா நுண்ணோக்கியில் குனிந்தார். கருக்கள் பச்சையாக ஒளிர்ந்தன. அவ்வளவு காலம் தேடிய துண்டு அகப்பட்டுவிட்டது. நாங்கள் கைதட்டப் போனோம். அவர் தலை நிமிராமல், “கயல்,” என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “கயல்.” பிறகு விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனார்.

அக்கா சிங்கப்பூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். கூடம் இப்போது என் பொறுப்பு. இன்று காலையும் கருக்கள் ஒளிர்ந்தன. “பெரட்டு, பெரட்டு,” என்று மாணவர்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். நான் அந்த மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே கயலை மூன்றாவது தடவை கூப்பிட்டேன்.