திருவண்ணாமலைக்கு, ஒரு முழ நீள எஞ்சினுக்காக

1982, கார்த்திகை முதல் வாரம். காலை ஆறு மணிக்குச் சென்னையில் பேருந்து ஏறினேன். திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் என்று ஊர் ஊராக நின்று, நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டரைக் கடக்க மத்தியானம் ஆகிவிட்டது.

"தீபத்துக்கு நாள் இருக்கே சார். மலை சுத்தவா?" என்று கேட்டார் ஜட்கா வண்டிக்கார பாய்.

"இல்ல பாய். ரயில் ஓட்ட."

"ஸ்டேஷன் அந்தப் பக்கமாச்சே."

சிரிப்பு வந்தது. ரயில் பணிமனையில் என்னோடு வேலை பார்த்த கண்ணப்பன், ஓய்வுபெற்று வந்து செங்கம் சாலை வீட்டில் செய்த ஒரு முழ நீள நீராவி எஞ்சினைத்தான் சொன்னேன். மறுநாள் அவனுக்கு முதல் வருஷத் திதி.

அவன் மனைவி சரோஜா கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனாள். வட்டமான தண்டவாளம். அதன்மேல் எஞ்சின், நெற்றியில் போன வருஷத்துச் சந்தனப் பொட்டோடு.

"யார் பத்த வெச்சாலும் ரெண்டு முழம் போயி நின்னுடுதுண்ணா. அவரோட இதுக்கும் மூச்சு போயிடுச்சுனு சொல்றாங்க. திதிக்குள்ள ஒரு தடவ ஓடிட்டா போதும்."

மூச்சாவது, போவதாவது என்று எரிச்சலாக வந்தது. தண்ணீர் சரி. கரி காய்ந்தே இருந்தது. நெருப்புக் குழாய்களில் அடைப்பில்லை. சக்கரத்தை ஓட்டி முடித்து வெளியேறும் ஆவி, புகைபோக்கிக்கு அடியில் உள்ள சிறு மூக்கு வழியே நேராக மேலே சீறினால்தான் நெருப்புக்குக் காற்று இழுக்கும். காற்று குறைந்தால் நெருப்பு சோரும், ஆவியும் சேராது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். மூக்கின் ஒரு பக்கத்தில் ஏதோ வழிந்து இறுகி, ஆவியைக் கோணலாகத் திருப்பிக்கொண்டிருந்தது. கம்பியால் சுரண்டினேன். சந்தனம்.

சரோஜா குனிந்து, கம்பி நுனியில் இருந்த தூளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆயுத பூஜைக்கு அவரு வெச்சதுண்ணா. புகைபோக்கி வாயில ஒண்ணு, முன்னால ஒண்ணு. நான்தான் தண்ணி ஜாஸ்தி ஊத்திக் கரைச்சிட்டேன், உள்ள வழிஞ்சிருக்கு." பிறகு உள்ளங்கையை நீட்டினாள். "எடுத்துடுங்க. தூளக் கீழ போட்டுடாதீங்க."

சுரண்டியதையெல்லாம் அவள் கையில் போட்டேன். மறுபடி கரி போட்டுப் பற்றவைத்தோம். ஆவி அழுத்தம் காட்டும் முள் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. எஞ்சின் சுற்றத் தொடங்கியது. மூன்றாவது சுற்றில், சூடு தாங்காமல் முன்பக்கத்துப் பொட்டும் அவன் விரல் ரேகையோடு உரிந்து விழுந்தது. நிறுத்தப் போனேன்.

"ஓடட்டும்ணா" என்றாள். அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

மறுநாள் திதி முடிந்து, ஊருக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கொல்லைக்குப் போனேன். எஞ்சினின் நெற்றியில் ஈரம் காயாத புதுப் பொட்டு. அவன் வைத்ததைவிடச் சின்னது. புருஷனை இழந்தவள் பொட்டைத் தொடலாமா என்று கேட்க அந்த வீட்டில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் கேட்கவில்லை.

அவளே சொன்னாள்: "அந்தத் தூள்தாண்ணா. இந்த வாட்டி கெட்டியாக் கரைச்சேன்."