உக்கடத்தில் நின்ற கல்யாணக் கார்

"...இல்லாட்டி இந்த வளையலைக் கழட்டிப்போடட்டுங்களா பாய்?" என்று காரின் பின்சீட்டிலிருந்து மெக்கானிக்கிடம் கேட்டாள் கல்யாணப் பெண்ணான என் அத்தை.

நேற்று எங்கள் தெருவில் யாரோ பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப்போட, அந்தப் பெட்ரோல் வாசம் என்னைக் கொண்டுபோய் உக்கடத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டது. இப்போது அங்கே பாலத்தின் தூண்தான் நிற்கிறது. அன்று கிணத்துக்கடவிலிருந்து அன்னூர் மண்டபத்துக்குக் கிளம்பிய எங்கள் அம்பாசடர், வேகம் குறைந்தபோதெல்லாம் இருமி இருமி அணைந்தது, முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பாய் பானட்டுக்குள் தலையை விட்டு, கார்புரேட்டரின் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சத்தத்தைக் கேட்டே பெட்ரோலையும் காற்றையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அதற்காகக் கல்யாணக் கூட்டமே வாயைப் பொத்தி நிற்க, புடவை நுனியைத் திருகிக்கொண்டிருந்த அத்தையின் கைகளில் வளையல்கள் மட்டும் கலகலத்தன.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு அம்மணி இது" என்று அம்மா அந்தக் கைகளைத் தன் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். திக்கிய எஞ்சின் மெல்ல மெல்ல ஒரே சீராக முனக ஆரம்பித்தது.

"இனி நிக்காதுங்க, தைரியமா போங்க" என்று பாய் பானட்டைச் சாத்தினார்.

காந்திபுரம் சிக்னலில் கார் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. சந்தோஷத்தில் எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தோம். அவள் தலைப்பூ நசுங்க அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.