ஏரியைத் திறந்தவன்

கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனை உங்கள் பெரிய மாமாவின் இடுப்பில். அவர் ஏரித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தார். நான் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாலு, பதினைந்து. கயிறு அசையவே இல்லை. பிள்ளைகளே, அந்தக் காலை நேரத்தை உங்களுக்கு எழுதி வைக்க வேண்டுமென்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். அம்மாவைக் கேட்டால் பாதிதான் சொல்வாள். மீதி என்னிடம்தான் இருக்கிறது.

நீங்கள் இந்த ஊரில் வளர்ந்தவர்கள். ஐப்பசி மழை என்றால் உங்களுக்குப் பள்ளிக்கூட லீவு, வரப்பில் நண்டு. நான் வளர்ந்தது சென்னையில், அடையாற்றங்கரைக் குடிசையில். தீபாவளி முடிந்ததும் என் அம்மா ரேஷன் கார்டையும் என் பள்ளிக்கூடச் சான்றிதழையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூரை மூங்கிலில் கட்டிவிடுவார். மழைக்குக்கூட நாங்கள் அவ்வளவு பயப்படவில்லை; ஏரிக்குத்தான் பயம். ஊருக்கு வெளியே எங்கேயோ ஓர் ஏரி இருந்தது. நான் அதைப் பார்த்ததே கிடையாது. அதைத் திறந்தால் எங்கள் ஆறு ஏறும். "ஏரிய தொறந்துட்டாங்கோ, ஓடுங்கடா!" என்று யாராவது கத்திக்கொண்டு வருவார்கள். ஒரு வருஷம் அந்தக் குரல் வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பள்ளிக்கூட மாடியில் மூன்று நாள் கிடந்தோம். அங்கே பெரியவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு: "மொதல்லயே கொஞ்சம் கொஞ்சமா தொறந்து வுட்ருந்தா இன்னா? புடிச்சி வெச்சிக்கினு ஒரேடியா வுட்டா எவன் தாங்குவான்?" நான் படித்தது எட்டாவதுதான். அதில் பலதும் மறந்துபோனது. இந்தப் பேச்சு மட்டும் மறக்கவில்லை.

பிறகு ஆற்றங்கரையைக் காலி செய்து எங்களை எங்கோ தள்ளிக் குடிவைத்தார்கள். அங்கிருந்து தி.நகர் துணிக்கடைக்கு மூட்டை தூக்கப் போய்வருவதற்கே பாதி நாள் போனது. உங்களில் மூத்தவளுக்கு எட்டு மாதம் ஆனபோது, அம்மாவின் ஊரான இங்கேயே வந்துவிட்டோம். ஏரிக்கரைக்குக் கீழே, அம்மாவின் அண்ணனான பெரிய மாமா வீட்டை ஒட்டி எங்கள் வீடு. என்னை அவர் மெட்ராஸ் மாப்ள என்பார். நான் வரப்பில் தடுமாறினால், "இன்னா மாப்ள, சேறு பட்டா காலு கரைஞ்சிடுமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். எனக்குக் கோபம் வரும். சிரித்துவைப்பேன்.

அந்த வருஷம் ஏரி மதகைத் திறந்து மூடும் முறை அவருடையது. நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை டவுனுக்குப் போக வேண்டியிருந்ததால் என்னைக் கரையில் நிற்கவைத்தார். "சும்மா பாத்துக்கினு நில்லுங்க மாப்ள. ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார்.

பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு பக்கம் ஏரி. மறுபக்கம் கீழே எங்கள் வீட்டு ஓடு. ஏரித் தண்ணீர் அந்த ஓட்டைவிட உயரத்தில் நின்றது. அந்த ஓட்டுக்கு அடியில் தூளியில் குழந்தை தூங்குகிறாள். மழையில் ஓர் ஆளைக் காணோம். கரையோரப் புல் நுனி ஒவ்வொன்றாக மூழ்கிக்கொண்டே வந்தது. முன்னாலேயே கொஞ்சம் திறந்துவிட்டால் என்ன? மதகின் மேல் ஏறி இரும்புச் சக்கரத்தைத் திருகினேன். கொஞ்சம்தான் திறக்க நினைத்தேன். தண்ணீர் சீறிய சத்தத்தில் பதறிப்போய் எந்தப் பக்கம் திருகுகிறேன் என்றே தெரியாமல் திருகினேன். மரை கழன்று சக்கரம் சும்மா சுற்றியது. மேலே போன மதகுப் பலகை இறங்கவில்லை.

கீழே இருந்த வயல்களில் நாற்று நட்டு நாலே நாள். வேர்கூடப் பிடித்திருக்காது. பெண்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். சேதி கேட்டுப் பாதி வழியிலேயே திரும்பிவந்த பெரிய மாமா வண்டியைச் சேற்றிலேயே சாய்த்துவிட்டு மதகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. வைக்கோல் கட்டுகளையும் மண் மூட்டைகளையும் கொண்டுவரச் சொன்னார். அவற்றோடு தண்ணீருக்குள் போய் மதகின் வாயை அடைக்க வேண்டும். இழுக்கிற தண்ணீர் ஆளையும் சேர்த்து இழுக்கும். கயிற்றை என்னிடமே கொடுத்தார்.

"இருவது எண்ணி இழுங்க மாப்ள. முன்னாடி இழுத்தா கட்டு நழுவிடும். லேட்டா இழுத்தா நான் இருக்க மாட்டேன்."

பதினாறு. பதினேழு. இப்போதே இழு என்று உடம்பெல்லாம் சொன்னது. சற்று முன்னால் சக்கரத்தைத் திருகச் சொன்னதும் இதே உடம்புதான். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். இருபதில் இழுத்தேன். இருமிக்கொண்டு மேலே வந்தார். மறுபடி மூழ்கினார். நாலாவது தடவைதான் சீறல் அடங்கியது.

வயல்காரப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மரை கழண்டது மதகுக்கா, இந்த மனுசனுக்கா?" யாரும் சிரிக்கவில்லை. "நான்தாங்க தொறந்தேன். ஏரி உடைஞ்சிடும்னு பயந்துட்டேன்" என்றேன். பெரிய மாமா குளிரில் நடுங்கிக்கொண்டே கரையின் கடைசியைக் காட்டினார். அங்கே கொஞ்ச தூரத்துக்குக் கரை தாழ்வாக, கல் பாவி இருந்தது. "அதுதான் கோடி. ரொம்பினா அந்தப் பக்கமா தானா வழியும், மாப்ள. யாரும் தொறக்க வேணாம்." யாரும் திறக்காமலே வழிகிற ஏரி ஒன்று உலகத்தில் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

அடித்துப்போன நாற்றுகளை இரண்டு நாள் அந்தப் பெண்களோடு குனிந்து திரும்ப நட்டேன். ஊர்க்கூட்டத்தில் என்னை இனி மதகுப் பக்கமே விடக்கூடாது என்றார்கள். பெரிய மாமா எழுந்து, "அடுத்த வருசம் முறையில மாப்ள பேரையும் சேருங்க. பயந்தவன் கரையில தூங்க மாட்டான்" என்றார். அது தண்டனையா, மரியாதையா என்று நான் கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை.

போன தை மாதம் அவர் போய்விட்டார். இது அவர் இல்லாத முதல் ஐப்பசி. இந்த வருஷம் மதகு முறை என்னுடையது. இன்று காலை புல் நுனி மூழ்கியது. கீழே நம் வீட்டுக்குள் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு, எண்ணிக்கொண்டு நின்றேன். இருபது தாண்டியது, நூறு தாண்டியது, எண்ணிக்கை விட்டுப்போனது. பிறகு கோடியில் சலசலவென்று சத்தம் கேட்டது.