செயலாளர் தூங்கிய படம்

அந்தப் படம் மொக்கை. ஒன்பது வயதில் மைக்கில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். படத்தின் பெயரையும் நடிகரின் பெயரையும் மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலைக்குள் என் குடும்பத்தையே கமெண்டில் இழுத்துவிடுவார்கள். இவ்வளவு சொன்னால் போதும்: வில்லன், ஹீரோவின் தங்கையைக் கடத்திப்போய் ஐஸ் பேக்டரியில் கட்டிப்போட்டிருக்கிறான். ஹீரோ என்ன செய்கிறார்? வெளிநாட்டு மலையில் ஒரு பாட்டு. திரும்பி வந்து கோயில் திருவிழாவில் இன்னொரு பாட்டு. அந்தப் பெண் அங்கே விறைத்துக் கிடக்கிறாளே என்று தியேட்டரில் ஒருவருக்கும் கவலையில்லை, விசிலடிக்கிறார்கள்.

என்னைக் கூட்டிப்போனவர் என் தாய்மாமா. வெள்ளானூரில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தார். நிலமெல்லாம் பிளாட்டாகிப் போன பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கம்பெனியில் அவர் என்னவாக இருந்தாரோ எனக்குத் தெரியாது. ஊரில் அவர் அந்த நடிகரின் நற்பணி மன்றக் கிளைச் செயலாளர். படம் வெளியாகும்போதெல்லாம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் பேனர் கட்டுவார்கள். நடுவில் நடிகர், கீழே கைகூப்பியபடி தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு முகங்கள். இடது பக்கமிருந்து இரண்டாவது முகம் மாமா. பள்ளி வேன் அந்த இடத்தைத் தாண்டும்போது தூங்குகிற பிள்ளைகளைக்கூட உலுக்கி எழுப்பிக் காட்டுவேன்.

அந்தப் படத்துக்கு ஆவடிக்கு முதல் நாள் முதல் காட்சி போனோம். மாமா இரவு ஷிப்டை முடித்துவிட்டு, யூனிபார்ம் சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். இரவு ஷிப்ட் என்றால் எனக்கு ராத்திரி போய்க் காலையில் வருவது, அவ்வளவுதான். கட்அவுட்டுக்கு மாலை போட்டார், பட்டாசு வெடித்தார், ஹீரோ முகம் தெரிந்ததும் நாற்காலி மேல் ஏறி ஆடினார். இடைவேளையில் எனக்குப் பாப்கார்ன் வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு என் தோளில் சாய்ந்தவர்தான், வில்லன் சாகும்வரை எழுந்திருக்கவில்லை. குறட்டை வேறு. எனக்குத் தோள் மரத்துப்போனது.

வெளியே வந்தால் வாசலில் யூடியூப்காரர்கள் நிற்கிறார்கள். மாமா பைக் எடுக்கப் போயிருந்தார். ஒருவர் குனிந்து என் வாய்க்கருகே மைக்கை நீட்டி, "பாப்பா, படம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? அதுவும் உண்மையைச் சொல்ல வேண்டாமா?

"மொக்க அங்கிள். தங்கச்சிய கட்டிப்போட்டு வெச்சிகீறாங்க, இவரு பாட்டு பாடிகினு கீறாரு. எங்க மாமாவே தூங்கிட்டாரு. அவருதான் மன்றத்துக்கே செயலாளரு" என்றேன்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. போட்டி நடிகரின் ரசிகர்கள் அந்தக் கடைசி இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்து, குறட்டைச் சத்தம் சேர்த்து, மாமாவின் பேனர் படத்தையும் ஒட்டிச் சுற்றுக்கு விட்டார்கள். இருட்டுவதற்குள் மன்றத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மாமாவைவிடச் சின்னவர்தான், ஆனால் உட்காராமல் நின்றுகொண்டே அதட்டினார்.

"இன்னா அண்ணாத்தே, நம்ம படத்துலயே தூங்கிகினு இருந்தியாமே? பட்டாபிராம் கிளை பசங்க போன் போட்டு சிரிக்கிறானுங்க. செயலாளர்னு வெளிய சொல்ல முடியல."

"சின்னப் புள்ள, தெரியாம சொல்லிச்சு" என்றார் மாமா.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தெரியாமலா? யாருடைய தோளில் தூங்கினார்?

மறுப்பு வீடியோ ஒன்று போட வேண்டும் என்று முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா எனக்கு இறுக்கிச் சடை பின்னி, பவுடர் அப்பி, "மாமா சொல்றத ஒயுங்கா சொல்லு" என்று மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மத்தியானச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொன்னதற்காகப் போன வாரம்தான் என் தொடையில் கிள்ளியவள் அவள். அப்போது பொய் பாவம். இப்போது பவுடர்.

மாமா போனைப் பிடித்தார். "படம் எப்டி கீது கண்ணு?"

நான் யோசித்தேன். படம் நல்லா இருக்கா இல்லையா என்பது அவரவர் கருத்து. கருத்தை மாற்றிக்கொள்ளலாம். பல்லைக் கடித்துக்கொண்டு, "சூப்பர்" என்றேன்.

"மாமா தூங்குனாரா?"

இது கருத்தில்லை. நடந்த விஷயம். "தூங்குனாரு" என்றேன்.

போனை நிறுத்தினார். "அப்டி இல்ல. மாமா கண்ண மூடிகினு பாட்டு கேட்டாருன்னு சொல்லு."

"தூங்குனாரு. கொறட்ட உட்டாரு."

ஐந்து முறை எடுத்தார்கள். ஐந்து முறையும் நான் மாறவில்லை. அம்மா கையை ஓங்கினாள், மாமா தடுத்தார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "படத்த பத்தி நீ இன்னா வேணா சொல்லிக்கோ கண்ணு. குப்பைன்னுகூட சொல்லு. நான் தூங்கலன்னு மட்டும் சொல்லிடு. ஒரே ஒரு வாட்டி."

அவர் கண்கள் சிவந்திருந்தன. எனக்கு அது நல்ல சாட்சியாகப் பட்டது. "பாருங்க, இப்பக்கூட உங்களுக்குத் தூக்கம் வருது" என்றேன்.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வீடியோ எங்கும் போகவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

அடுத்த படம் பொங்கலுக்கு வந்தது. வேன் பஸ் ஸ்டாப்பை நெருங்கும்போது வழக்கம்போல எல்லாரையும் எழுப்பினேன். இரண்டாவது இடத்தில் வேறு முகம். ஒருவேளை இடம் மாறியிருக்கும் என்று வலதுகோடி வரை தேடினேன். வேன் தாண்டிப் போய்விட்டது. சாயங்காலம் நடந்தே திரும்பி வந்து விரல் விட்டு எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தது, அதில் மாமா இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். மாமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மாமா, பேனர் கடக்காரன் உங்க போட்டோவ மறந்துட்டான்!"

"ஆமா கண்ணு. மறந்துட்டான் போல."

"போய் சண்ட போடுங்க!"

"உடு கண்ணு" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்படியும் ஒரு மனுஷனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேட்காவிட்டால் நான் கேட்கிறேன் என்று நானே போனேன். பேனர் அடிக்கும் கடை மெயின் ரோட்டில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம், "எங்க மாமா போட்டோவ ஏன் உட்டீங்க? அவரு செயலாளரு, தெரியுமா?" என்று கத்தினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அந்த வீடியோ பாப்பாதான?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். தப்பு செய்தவரால் எப்படிப் பதில் சொல்ல முடியும்? நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.