மூன்றாவது டேட்டாபேஸை யார் பயன்படுத்துகிறார்கள்?

என் அக்கா ஒரு நூலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். கோபக்காரி என்று சொல்ல முடியாது. கோபத்தைப் பத்திரமாக எடுத்து வைப்பவள். அது இன்னும் மோசம்.

இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும், யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் கிளவுட் மென்பொருள் ஒன்று. மூன்று வகை டேட்டாபேஸில் ஓடும். மூன்றாவதில் அதை ஓட வைக்கும் கோடை, அதாவது நிரலை, எழுதியவள் அக்காதான். ஆறு வருடம், சம்பளமில்லாமல். அவள் நூலகமே அதை நம்பித்தான் இருந்தது. ஒருநாள் வீடியோ கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், அந்த மென்பொருளின் தலைவர் கேட்டார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'பெரிய தலை'.

"மூணாவதை யாரு யூஸ் பண்றா? உங்க லைப்ரரியத் தவிர?"

நாலு பேர் சிரித்தார்கள். மறுநாள் காலை மென்பொருளிலிருந்து அக்காவின் கோடும் பெயரும் துடைத்து எடுக்கப்பட்டிருந்தன. பெரிய தலை எழுதிய நீக்கல் குறிப்பில் ஒரே வரி: 'மூன்றாவதை யாரும் பயன்படுத்துவதில்லை.'

எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா அந்த நீக்கல் குறிப்பை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் மாட்டினாள், அவ்வளவுதான். பிறகு ஞாயிறுதோறும் உட்கார்ந்து, புதுப் பதிப்புகளை நூலகத்துக்காக மட்டும் மூன்றாவதில் ஓட வைத்தாள். யாருக்கும் கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பெரிய தலை வேலை மாறினார்; மென்பொருளுக்குத் தலைவர் அப்போதும் அவர்தான். புது நிறுவனத்தில் மூன்றாவது டேட்டாபேஸ் மட்டும்தான். ஒரே மாதத்தில் தன் மென்பொருளை அதில் ஓட்டிக் காட்டுவதாக அங்கே வாய்விட்டிருந்தார். அக்காவுக்கு போன் வந்தது.

"மேடம், உங்க பழைய கோடு..."

"நீங்களே எழுதுங்க சார். நான் சரிபாத்துத் தர்றேன்."

எழுதினார். தேறவில்லை என்று திருப்பினாள். பதினோரு தடவை. காலியாக விட்ட கட்டத்தை முதல் டேட்டாபேஸ் காலியாகவே வைத்திருக்கும். மூன்றாவது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். முதலாவதைத் தவிர வேறெதையும் தொடாதவருக்கு இது எங்கே தெரியப் போகிறது? அக்கா ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

"பாவம்க்கா, சொல்லித் தொலையேன்."

"போய் ஃப்ரிட்ஜைப் படிச்சுட்டு வா."

கெடுவுக்கு முந்தின நாள் அவர் அழாத குறையாகக் கெஞ்சினார். அக்கா சொல்லிக் கொடுத்தாள். ஒரே நிபந்தனை: மென்பொருளின் கையேட்டில் அவர், தன் பெயரிலேயே, அவள் சொல்லும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் சேர்த்தார்.

பழைய தாளைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் அக்கா அந்த வரியை மாட்டினாள்:

"மூன்றாவது டேட்டாபேஸைப் பயன்படுத்துவோர்: ஒரு நூலகமும், யாருமில்லை என்று அதற்கான கோடை நீக்கிய நானும்."