சாஜன் சொன்ன வேங்கைமாறன்

கிளாரா படங்களின் முடிவை மட்டுமே பார்த்தவள். மும்பையில், செம்பூரில் ஒரு மாலின் நாலாவது மாடியில் இருக்கும் தியேட்டரில் பதினோரு வருடமாகத் துப்புரவு வேலை. ஒவ்வொரு காட்சியும் எத்தனை மணிக்கு முடியும் என்று காலையிலேயே காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு நாலு நிமிடம் முன்னதாகக் கறுப்புப் பையும் துடைப்பமுமாக உள்ளே போய், கதவோரம் இருட்டில் நிற்க வேண்டும். விளக்குப் போட்டதும் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் இருநூற்றெழுபது இருக்கைக்கும் அடியில் கிடப்பதை அள்ளி, சிந்தியதைத் துடைத்து, வாசனை அடித்துவிட்டு வெளியே வந்தால்தான் அடுத்த காட்சிக்கு ஆளை விட முடியும்.

பாகம் பாகமாக வரும் பெரிய படங்களைத் துப்புரவுக்காரர்கள் யாருக்கும் பிடிக்காது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி வைத்திருப்பார்கள். செத்தவன் கண்ணைத் திறப்பான், இல்லாவிட்டால் யாரோ ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். அதற்காக ஜனம் எழுந்திருக்காது. பன்னிரண்டு நிமிடத்தில் ஐந்து அதிலேயே போய்விடும். மூன்று மணி நேரம் கொடுத்ததை விட்டுவிட்டு, இன்னும் கொடுக்காத ஒன்றுக்காக இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்று கிளாராவுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

படம் எப்படி என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நல்ல படமென்றால் பாப்கார்ன் டப்பா பாதி நிறைந்தபடி கிடக்கும், தின்ன மறந்திருப்பார்கள். சுமாரான படத்துக்கு டப்பாவின் அடிவரை சுரண்டியிருக்கும். பதினோரு வருடத்தில் இந்தக் கணக்கு தப்பியதில்லை.

வீடு தாராவியில், தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் மாடியறை. கணவர் ஜோசப்ராஜ், மகன் சாஜன் ஏழாவது படிக்கும்போது உல்லாஸ்நகரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கப் போய்விட்டார். பிறகு அவளும் அவனும்தான். சாஜன் பன்னிரண்டாவதை முடித்து, குர்லாவில் கூரியர் கிடங்கு ஒன்றில் சேர்ந்தான். தமிழ் நன்றாகப் பேசுவான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான்.

ஊழியர்களுக்கு மாதத்துக்கு இரண்டு பாஸ் உண்டு. பெரிய படம் வந்தால் முதல் இரண்டு வாரம் அது செல்லாது. ஆனால் 'வேங்கைமாறன்' முதல் பாகம் வந்தபோது, சாஜனுக்குப் பதினேழு வயது, பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றான். கிளாரா சூப்பர்வைசர் சுஷ்மாவிடம் கெஞ்சி, இரண்டு ஞாயிறு டபுள் டூட்டி பார்ப்பதாக ஒப்புக்கொண்டு, முதல் வாரத்துக்கே இரண்டு பாஸ் வாங்கிக் கொடுத்தாள். இரண்டாம் பாகத்துக்கும் அப்படியே. அவனும், கூடப் படித்த ராஹிலும் போய்வருவார்கள்.

பார்த்துவிட்டு வந்தால் கதை சொல்லியாக வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். அவள் காலை ஷிப்டு முடித்து ஐந்து மணிக்குச் சாப்பிட உட்காரும்போது அவன் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பிப்பான். முடிவு நெருங்கியதும் நிறுத்திவிடுவான். “இதுக்கு மேல ஒனக்குத்தான் தெரியும், நீதான் தெனம் நாலு தடவ பாக்க” என்பான். அவளும் சொல்ல மாட்டாள். அவன் ஆரம்பத்தை வைத்திருந்தான், அவள் முடிவை வைத்திருந்தாள். சோறும் குழம்பும் நடுவில்.

வேங்கைமாறனில் கத்திச்சண்டையும் கோட்டையும் அவளுக்கு அவ்வளவாக ஏறவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டது படகுக்காரி. முதல் பாகத்தில், வேங்கைமாறனைக் கோட்டைப் படை துரத்தி வரும்போது, கழிமுகத்தில் ஒருத்தி கூலி வாங்காமல் அவனை அக்கரை சேர்க்கிறாள். புருஷன் விட்டுப்போனவள். அதற்குத் தண்டனையாகப் படகை எரித்துவிடுகிறார்கள். அவள் அழவில்லை, காலி டிரம்களைச் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி மறுநாளே தண்ணீரில் இறங்குகிறாள். இரண்டாம் பாகத்தில் அவளைப் பிடித்து, கோட்டைக்குள் தர்பாரைப் பெருக்கும் வேலையில் போடுகிறார்கள். சபை கலைந்து எல்லோரும் போன பிறகுதான் அவள் உள்ளே வர முடியும். சிந்திய மதுவையும், கசக்கிப்போட்ட ஓலையையும், எந்த நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் வைத்து, உள்ளே என்ன பேசினார்கள் என்று அவளே கண்டுபிடித்து வேங்கைமாறனுக்குச் சொல்லி அனுப்புகிறாள்.

“கெட்டிக்காரிதான்” என்றாள் கிளாரா, தட்டில் கை காய்ந்துபோய். “அவள வெளிய விடுவானாடே?”

“அது மூணாவதுல தெரியும்.”

டிவியில் அந்தப் படங்களைப் போட்ட நாட்களில் சாஜன் சேனலை மாற்றிவிடுவான். வெட்டி வெட்டிப் போடுகிறார்கள், பார்த்தால் பார்த்த மாதிரியே இருக்காது என்பான். அவளும் விட்டுவிட்டாள்.

மூன்றாம் பாகம் பொங்கலுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகைக் கடைசியில் சாஜனுக்குக் காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. பரேலில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கோளாறு என்றார்கள். நோயின் பெயரை டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார், ராஹில் ஒரு நாள் கழித்து அதைத் தமிழில் சொன்னான். படமும் பொங்கலுக்கு வரவில்லை. ஏப்ரல் என்றார்கள், பிறகு ஆகஸ்டு. ஒவ்வொரு முறை தேதி தள்ளிப்போனபோதும் கூட்டாளிகள் போனில் திட்டித் தீர்த்தார்கள். சாஜன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான்.

ஜூலையில் ஒரு மத்தியானம், மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்தபடியே கூப்பிட்டான்.

“எம்மா, நான் போவ முடியலன்னு வையி. நீ பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும். ரெண்டு படத்துக்கு நான் சொல்லியாச்சு.”

“போல மூதி. நீயே போய்ப் பாப்ப.”

“சரி, பாக்கேன். ஆனா நீ சொல்லுவேன்னு சொல்லு.”

“சொல்லுதேன்.”

“மொதல்லேருந்து. கடைசிய மட்டும் சொல்லி ஏமாத்திராத.”

படம் வருவதற்கு ஒன்பது நாள் முன்னால் சாஜன் இறந்தான். இருபத்துமூன்று வயது.

கிளாரா பத்தாம் நாள் வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார முடியவில்லை. போன அன்றுதான் படம் வெளியானதே. மாலின் வாசலில் நாலாள் உயரத்துக்கு வேங்கைமாறன் நின்றான். பையன்கள் மேளதாளத்தோடு வந்தார்கள். ஐந்து அரங்கிலும் அதே படம். அவள் ஒவ்வொரு காட்சி முடிவிலும் கதவோரம் போய்த் திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். விளக்கு வந்ததும் குனிந்து அள்ளினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டப்பாக்கள் எல்லாம் அடிவரை சுரண்டியிருந்தன.

அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். அவன் ஏழு மாதம் ஊசிக்கும் வாந்திக்கும் நடுவில் காத்திருந்தது ஒன்றுமில்லாததற்கு என்று தெரிந்துவிட்டால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? பார்க்காமல் இருந்தால் அது நல்ல படமாகவே இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் சொல்லுதேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது வாரம் ஒரே ஒரு காட்சியாகச் சுருங்கி, வியாழனோடு தூக்குகிறார்கள் என்று பலகையில் வந்தது. வெள்ளிக்கிழமை சாஜனுக்கு முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்து சிவ்ரி கல்லறைக்குப் போகும்போது வெறும் வாயோடு போக முடியாது.

சுஷ்மா பாஸை எழுதிக் கொடுக்கும்போது மராத்தியிலும் ஹிந்தியிலுமாக மாற்றி மாற்றிச் சொன்னாள்: இது வேண்டாம், பக்கத்து அரங்கில் ஒரு சிரிப்புப் படம் ஓடுகிறது, அதில் போய் உட்கார், இது தலைவலி. கிளாரா இதுவே போதும் என்றாள்.

வியாழன் காலைக் காட்சியில் முப்பது பேர்கூட இல்லை. சீருடை இல்லாமல் அந்த அரங்கின் நடுவில் உட்கார்ந்தது அவளுக்கு என்னவோ திருட்டுத்தனம் செய்வதுபோல இருந்தது. முதலில் முந்தைய பாகங்களின் கதையை விறுவிறுவென்று காட்டினார்கள். கழிமுகம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேங்கைமாறன் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு தனியாக நீந்தினான். முதலை வந்தது, கொன்றான், அக்கரை ஏறினான். சுருக்கிக் காட்டுகிறார்கள், படகை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தர்பார் வந்தது. தூண்கள், சிங்காதனம், நூறு பேர் நடனம். சபை கலைகிற நேரம் பார்த்துக் காட்சி வெட்டி வேறிடம் போனது.

இடைவேளை வரை காத்திருந்தாள். இடைவேளைக்குப் பிறகும் காத்திருந்தாள். மலை இடிந்தது, யானை பறந்தது, வேங்கைமாறன் மூன்று முறை செத்துப் பிழைத்தான். ஒவ்வொரு முறையும் அவன் நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியபோது அவளுக்கு மனசுக்குள் ஏதோ கசந்தது. எத்தனை சுலபமாக எழுப்பிவிடுகிறார்கள். பெண் என்று வந்தவர்கள் ஒரு ராணி, ஒரு நடனக்காரி, வேங்கைமாறனின் அம்மா. அம்மா ஒரே ஒரு தடவை வந்து, திலகம் வைத்து, எரிந்து போனாள்.

பெயர்கள் ஓடின. கிளாரா எழுந்திருக்கவில்லை. ஒருவேளை இதற்குப் பிறகு வைத்திருப்பார்களோ. கறுப்பு அங்கி ஒன்று திரும்பி நின்றது, நாலாம் பாகம் என்று எழுத்து வந்தது, விளக்கு எரிந்தது. கதவோரத்திலிருந்து, கூடத் துப்புரவு வேலை பார்க்கும் மாரிசெல்வி மெதுவாகக் கூப்பிட்டாள்: “அக்கா, எந்திக்கா. ஏழு நிமிசந்தான் கெடக்கு.”

மறுநாள் காலைப் பூசைக்கு ராஹில் வந்திருந்தான். கோயிலுக்குள் வராமல் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றான். சிவ்ரிக்கு அவனும் வருகிறேன் என்றான். இருவரும் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் வரை நடந்தார்கள். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் படத்துக்குப் போனதைச் சொன்னாள். ராஹில் இன்னும் பார்க்கவில்லை; சாஜன் இல்லாமல் போக மனசில்லை. அவள் தயங்கிவிட்டு, அந்தப் படகுக்காரியை ஏன் இதில் காட்டவில்லை என்று கேட்டாள்.

“எந்தப் படகுக்காரி ஆன்ட்டி?”

“வேங்கைமாறன அக்கர கொண்டு விட்டாளே. பொறவு தர்பார் பெருக்குனாளே.”

ராஹில் அவளையே பார்த்தான். “அப்படி யாருமே இல்லயே. மொத பார்ட்லயே அவன் நீந்தித்தானே போவான்.”

வண்டி ஒன்று வந்து நின்று, ஆட்களைத் துப்பி, ஏற்றிக்கொண்டு போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

“ரெண்டாவது பார்ட் ஏக்தம் பக்வாஸ் ஆன்ட்டி, சுத்தக் குப்ப” என்றான் ராஹில், தண்டவாளத்தைப் பார்த்தபடி. “இன்டர்வெல்லயே போவோம்னு நான் எந்திச்சிட்டேன். அவன்தான் கையப் புடிச்சு உக்கார வச்சான். எம்மா டபுள் டூட்டி பாத்து வாங்குன பாஸுல, முழுசாப் பாக்கணும்னான். வெளிய வந்து வழி பூரா சிரிச்சிட்டே வந்தோம். வீட்ல போய் என்னல சொல்லப் போறேன்னு கேட்டேன். நல்ல படம்னுதான் சொல்லணும், கொஞ்சம் சரி பண்ணிச் சொல்லிருவேன்னான்.”

கிளாரா புடவை நுனியை எடுத்து முகத்தைத் துடைத்தாள். இரண்டாம் பாகத்துக்கும் டப்பாக்கள் அடிவரை சுரண்டிக் கிடந்ததும், டிவியில் அவன் சேனலை மாற்றியதும் நினைவுக்கு வந்தன. ஜூலையில் கட்டிலில் படுத்துக்கொண்டு, நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்றானே, அவள் போய்த் தேடுவாள் என்று தெரிந்தேதான் சொன்னானா, இல்லை காய்ச்சலில் அவனுக்கே எது படத்தில் இருந்தது, எது தான் சேர்த்தது என்று மறந்துவிட்டதா? யாரிடம் கேட்பது.

ராஹில் அவள் பக்கம் திரும்பி, அந்தப் படகுக்காரி என்னதான் செஞ்சா, சொல்லுங்க என்றான். அவள் சொன்னாள். எரிந்த படகையும் டிரம் தெப்பத்தையும் சொன்னாள். சபை கலைந்த பிறகு துடைப்பத்தோடு உள்ளே வருவதையும், கசக்கிப்போட்ட ஓலையைப் பிரித்துப் பார்ப்பதையும் சாஜன் சொன்ன மாதிரியே கையை விரித்துக் காட்டிச் சொன்னாள். இன்னொரு வண்டியும் போனது. ராஹில் தலையைக் குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது.

“அப்புறம்? வெளிய வந்தாளா?”

“அதுக்கு மேல அவன் சொல்லலடே.”

சிவ்ரியில் மண் இன்னும் அமரவில்லை. இரண்டு மழைக்கு ஒரு பக்கம் சரிந்து, மரச்சிலுவை சாய்ந்திருந்தது. ராஹில் கல் தேடி எடுத்து வந்து அடியில் முட்டுக் கொடுத்தான். கிளாரா மெழுகுதிரி கொளுத்தினாள். காற்றுக்கு நிற்கவில்லை, இரண்டாம் தடவை கொளுத்திக் கையால் மறைத்துக்கொண்டாள்.

முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தான். கழிமுகத்தில் வேங்கைமாறன் தனியாக நீந்தியதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். அந்தப் படகுக்காரியைக் கோட்டைக்கு வெளியே கொண்டுவந்து விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள். வாசல் எந்தப் பக்கம், காவல் யார், தண்ணீர் எவ்வளவு தூரம், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அதெல்லாம் தெரிந்தவன் கீழே கிடந்தான்.

“பாத்துட்டேன் மக்கா” என்றாள். “நீ சொன்ன அளவுக்கு இல்ல.”